செப்டம்பரின் இரண்டாம் சனிக்கிழமை

ஹார்லன்
ஜனவரி 14, 2018

லோர்னா,

அண்ணன் கையால் கடிதம் எழுதியிருக்கிறானே, யாராவது செத்துவிட்டார்களா என்று பதறாதே. எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். நான் பார்ப்பது அரசுப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் வேலை. என் மேஜைக்கு வருகிற கடிதம், நான் தட்டுகிற மின்னஞ்சல் எதுவானாலும் கேட்டு வாங்கிப் படிக்கப் பத்திரிகைக்காரனுக்குச் சட்டம் இருக்கிறது. போன வருடம் எங்கள் கோச்சைப் பற்றி நான் எழுதிய ஒரு வரியை முதல் பக்கத்தில் போட்டு மானத்தை வாங்கினார்கள். உனக்கும் இதே வேலைதான், ஆனால் உன்னுடையது தேவாலயம் நடத்தும் தனியார் கல்லூரி, உனக்கு அந்தத் தொல்லை இல்லை. அதனால் இனி நமக்குள் வீட்டு முகவரி, பேனா, தபால்தலை. படித்ததும் கிழித்துவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். செப்டம்பர் எட்டாம் தேதி, ஃபுட்பால் சீசனின் இரண்டாம் சனிக்கிழமை, உன் டன்மோர் பையன்கள் எங்கள் மைதானத்துக்கு வந்து ஆட வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் உன் வீட்டுத் தேங்க்ஸ்கிவிங் விருந்தில், வான்கோழி ஆறுவதற்குள் நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம். அப்போது நீங்கள் ஆடிய பதினோரு ஆட்டத்தில் பதினொன்றும் தோற்றிருந்தீர்கள். அதனால்தான் போட்டேன். லீக்குக்கு வெளியே வருடத்துக்கு மூன்று எதிரிகளை நானே தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவன் பெரிய பெயர், டிவிக்காரனுக்காக. ஒருவன் எங்கள் அளவு ஆள், கை பழக. மூன்றாமவன் பலியாடு. நாடு முழுக்க இப்படித்தான் நடக்கிறது, நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. நல்ல ஆடு கிடைப்பது கஷ்டம் என்பதால் ஐந்தாறு வருடம் முன்னாலேயே பிடித்துக் கட்டிவிடுவோம்.

இப்போது என் ஆட்டுக்குக் கொம்பு முளைத்துவிட்டது. போன சீசனில் பதினொன்று ஜெயித்தீர்களாமே! அதுவும் யாரை வைத்து? உயரம் போதாது என்று எங்கள் கோச் இங்கிருந்து விரட்டிய எம்மெட் ப்ரூயிட்டை வைத்து. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன் ஐந்தடி ஒன்பது அங்குலம் இருந்தால் எதிரே நிற்கும் மலை மாதிரி ஆட்களுக்கு மேலே என்ன தெரியும் என்று கோச் கேட்டார். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

இருவரும் பேசிவைத்து விலகிக்கொள்வோம். தேதி ஒத்துவரவில்லை என்று ஒரு அறிக்கை விட்டால் போதும். உனக்கு வேறு ஆள் பிடித்துத் தருகிறேன்.

உன் அண்ணன்
கார்லண்ட்

*

டன்மோர்
ஜனவரி 23, 2018

அண்ணா,

கிழிக்கவில்லை. அம்மா போனபிறகு உன்னிடமிருந்து வந்தவை ஐந்து கிறிஸ்துமஸ் அட்டைகள். ஐந்திலும் கையெழுத்து உன் செயலாளர் பாலெட்டுடையது. உன் கையெழுத்து இன்னும் அதே கோழிக் கிறுக்கலாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன், இருக்கிறது.

வீட்டுப் பின்பக்கத்தில் அணி பிரிப்பாயே, ஞாபகம் இருக்கிறதா? தெருவில் இருக்கிற தடியன்கள் நாலு பேரை உன் பக்கம் எடுத்துக்கொள்வாய். எதிரே நானும் பக்கத்து வீட்டு இரட்டையரும். அதுகளுக்கு ஏழு வயது. ஆட்டம் முடிந்ததும் சமையலறைக்கு ஓடி, "அம்மா, நாப்பத்திரெண்டு ஜீரோம்மா!" என்று கத்துவாய். பதினாலு வயதில் சும்மா செய்ததை ஐம்பத்தேழு வயதில் சம்பளத்துக்குச் செய்கிறாய். அவ்வளவுதான் உன் முன்னேற்றம்.

விலக மாட்டேன். இங்கே நாலு பஸ் சொல்லியாகிவிட்டது. பாதிரியார் அந்த வாரக் கல்யாணத்தைத் தள்ளி வைத்துவிட்டார். எங்கள் கோச் மெர்ல் காப்பிக் கடையில் உட்கார்ந்து, "ஹார்லன்காரங்க முகத்தைப் பாக்கணும்யா, அதுக்காகவே நான் இன்னும் மாரடைப்பு வராம இருக்கேன்" என்கிறான். எம்மெட் தன் ஹெல்மெட்டுக்கு உள்ளே வெள்ளை டேப் ஒட்டி அதில் 'செப். 8' என்று எழுதியிருக்கிறான். மாட்டும்போதெல்லாம் கண்ணுக்கு நேரே வருமாம். எங்கள் ஆட்டங்களில் நாடு முழுக்க டிவியில் வரப்போவது அது ஒன்றுதான். தொழில்முறை அணிகளுக்கு ஆள் தேடுகிறவர்கள் டன்மோர் வரைக்கும் கார் ஓட்டி வர மாட்டார்கள். அங்கே வருவார்கள். அந்தப் பையனுக்கு அந்த ஒரு நாள்தான் இருக்கிறது.

நீயாக விலகினால் உங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு நானே போன் செய்வேன். ஹார்லன் பயந்து ஓடுகிறது என்று அவர்களே தலைப்பு வைத்துக்கொள்வார்கள்.

லோர்னா

*

ஹார்லன்
மே 6, 2018

லோர்னா,

மூன்று முறை போன் செய்தேன். மூன்றாவது முறை மெர்ல் எடுத்து, "மேடம் வெளிய போயிருக்காங்க சார்" என்றான். பின்னால் நீ சிரிப்பது கேட்டது.

சிரிக்கிற விஷயம் இல்லை இது. எங்களுக்கு இந்த வருடம் ஆறு வெற்றி வேண்டும். ஆறு இருந்தால் வருடக் கடைசியில் ஜெயித்த அணிகளுக்கு மட்டும் நடத்துகிற பௌல் ஆட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். ஐந்து என்றால் வீட்டில் உட்கார்ந்து அடுத்தவன் ஆடுவதைப் பார்க்கலாம். மூன்று வருடமாக அப்படித்தான் பார்க்கிறோம். எப்படிப் பார்த்தாலும் ஐந்துதான் தேறுகிறது. ஆறாவது நீ. எங்கள் பல்கலைக்கழகத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். "கார்லண்ட், உங்க தங்கச்சி காலேஜ்கிட்ட தோத்துட்டீங்கன்னா, திங்கக்கிழமை வர வேணாம். சாமானை நாங்களே அட்டப்பெட்டியில போட்டு அனுப்பி வெச்சிடுறோம்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆளை வீட்டுக்கு அனுப்பும்போதெல்லாம் அவர் சிரிப்பார்.

சரி, ஆடுவோம். ஆனால் எம்மெட் ஆட வேண்டாம்.

கேட்பது அவ்வளவுதான். கணுக்கால், தொடை, வயிற்றுப்போக்கு, எதுவாக இருந்தால் எனக்கென்ன? பையன் வரட்டும், ஓரமாக நிற்கட்டும். பதிலுக்கு, அடுத்த ஆறு வருடம் எங்கள் இரண்டாம் சனிக்கிழமை டன்மோருக்குத்தான். டிசம்பரில் உன் அறங்காவலர்கள் ஃபுட்பாலையே மூடிவிடலாமா என்று ஓட்டுப் போடப்போகிறார்களாமே? மறைத்து வைத்திருக்கிறாய், எனக்குத் தெரியாதா! எங்களோடு ஆறு வருட ஒப்பந்தம் உன் கையில் இருந்தால் மூடுவார்களா? தொண்ணூறு பையன்கள், லோர்னா. ஒருவன் ஒரு பகல் சும்மா நின்றால் தொண்ணூறு பேர் ஆடுவார்கள்.

யோசித்துப் பார். இதையாவது கிழித்துவிடு.

கார்லண்ட்

*

டன்மோர்
மே 25, 2018

அண்ணா,

வாய்க்கு வந்தபடி திட்டி மூன்று பக்கம் எழுதினேன். மறுநாள் காலையில் அதை எடுத்துக் கிழித்தேன். உன்னுடையதை வைத்துக்கொண்டு என்னுடையதைக் கிழிக்கிறேன், என் நிலைமையைப் பார்.

நேற்று எம்மெட் என் அறைக்கு வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம், பதினாலு டிக்கெட் கெடைக்குமா? எங்கம்மா இறைச்சி ஃபேக்டரியில இப்பவே ஷிஃப்ட் மாத்திக் கேட்டுட்டாங்க. மாமாங்க எல்லாம் வராங்க" என்றான். கொடுத்தேன். "ஹார்லன்ல நான் இருந்தப்ப எங்கம்மா ஒரு ஆட்டம்கூட வந்ததில்ல மேடம். நான் ஆடினாத்தானே வர்றதுக்கு!" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அவன் போன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அறங்காவலர்கள் நிச்சயம் மூடுவார்கள். பதின்மூன்று பேரில் எனக்கு நான்கு பேர்தான் இருக்கிறார்கள், நான் ஒவ்வொருவரையும் பார்த்துப் பேசிவிட்டேன்.

ஆறு போதாது. எட்டு வருடம் வேண்டும். எழுத்தில், ஆட்டம் முடிந்த வாரமே. மெர்லுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் திட்ட மாட்டான், அழுவான். அதை என்னால் பார்க்க முடியாது.

கிழித்துவிடு என்று நானும் எழுதலாம். நீ கிழிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

லோ

*

டன்மோர்
செப்டம்பர் 4, 2018

அண்ணா,

ஆகிவிட்டது. எட்டு வருடத்துக்கு நீ போனில் சரி என்றாய், என் பங்கை நான் செய்துவிட்டேன். எப்படி என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் மட்டும் சுமந்துகொண்டு திரிய மாட்டேன்.

இன்று காலைப் பயிற்சியில் எம்மெட்டை ஒருவன் இடித்துத் தள்ளினான். ஒரு நாளைக்கு இருபது முறை நடப்பதுதான். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். நான் வேலியோரம் நின்றிருந்தேன். கூப்பிட்டேன்.

"எம்மெட், உண்மையச் சொல்லு. தல சுத்துச்சா?"

"ஒரு செகண்டு மேடம். எல்லாருக்கும் சுத்துறதுதானே."

மற்ற எண்பத்தொன்பது பேரும் இந்தக் கேள்விக்கு இல்லை என்றுதான் சொல்வார்கள். தலையில் ரத்தம் வழிந்தாலும் இல்லை என்பார்கள். இவன் பொய் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கேட்டேன். தலை சுற்றியது என்று வாயால் சொல்லிவிட்டால் விதி உனக்குத் தெரியும்: காயம் பார்க்கிற ஈடித் எழுதிக்கொள்ள வேண்டும், குறைந்தது ஐந்து நாள் ஓய்வு, கோச்சோ கடவுளோ கேள்வி கேட்க முடியாது. ஈடித் எல்லாச் சோதனையும் வைத்துவிட்டு, "இவனுக்கு ஒண்ணுமே இல்லையே லோர்னா, கண்ணு, ஞாபகம், நடை எல்லாம் பிரமாதமா இருக்கு" என்றாள். "பையன் வாயால சொல்லிட்டான் ஈடித். எழுது" என்றேன். அவள் சோதனைத் தாளை இன்னொரு முறை சரிபார்த்தாள். பிறகு எழுதினாள். அவன் ஹெல்மெட்டை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமை கிடைக்கும். நிம்மதியாகத் தூங்கு.

லோர்னா

*

ஹார்லன்
செப்டம்பர் 10, 2018

லோர்னா,

இருபதுக்குப் பதினேழு, ஜெயித்துவிட்டோம்! கோச்சுக்கு உயிர் போய் உயிர் வந்தது. எம்மெட் இல்லாமலேயே இந்தப் பாடா? கடைசி நிமிடத்தில் எம்மெட்டுக்குப் பதில் இறக்கிய உங்கள் இரண்டாம் ஆள் எறிந்த பந்து மட்டும் கோட்டுக்கு உள்ளே நின்றவன் விரலில் பட்டு விழாமல் கைக்குள் போயிருந்தால், என் சாமான் இன்று அட்டைப்பெட்டியில் இருந்திருக்கும். விழுந்தது. கடவுள் இருக்கிறார், எங்கள் பக்கம் இருக்கிறார்.

எம்மெட்டைப் பார்த்தேன். ஹெல்மெட் இல்லாமல் நாலு மணி நேரம் கோட்டோரம் நின்று, இரண்டாம் ஆளுக்குச் சைகை காட்டிக்கொண்டே இருந்தான். ஹெல்மெட் உன் ஈடித் கையில், குழந்தையைப் பிடிக்கிற மாதிரி. மேலே பதினாலு பேர் அவன் பெயர் போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார்கள். டிவிக்காரன் அவர்களை ஒன்பது முறை காட்டினான். முடிந்ததும் பையன் என்னிடம் வந்து, "நல்ல ஆட்டம் சார்" என்று கை கொடுத்தான். பக்கத்தில் பார்த்தபோது எங்கள் கோச் சொன்னது சரிதான் என்று தோன்றியது. குள்ளம்தான்.

கார்லண்ட்

*

டன்மோர்
நவம்பர் 12, 2018

அண்ணா,

ஆட்டம் முடிந்த வாரமே என்று பேச்சு. ஒன்பது வாரம் ஆகிறது. ஒப்பந்தம் வரவில்லை. போனை நீ எடுப்பதில்லை. பாலெட், "சார் மீட்டிங்ல இருக்காரும்மா" என்று சொல்லிச் சொல்லி இப்போது அவளுக்கே வெட்கமாகிவிட்டது.

அறங்காவலர் கூட்டம் டிசம்பர் ஏழு. கையில் ஏதும் இல்லாமல் நான் அந்த அறைக்குள் போக முடியாது. தொழில்முறை அணிகளிலிருந்து எம்மெட்டுக்கு ஒரு போன்கூட வரவில்லை. பெரிய அணிக்கு எதிராக அவன் ஆடி யாரும் பார்க்கவில்லையே. அதைக்கூட நான் தாங்கிக்கொள்வேன், அந்த எட்டு வருடம் கையில் இருந்தால். இல்லையென்றால் நான் செய்ததற்கு என்ன பெயர் என்று நீயே சொல்.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இதுவரை கெஞ்சியதில்லை.

லோர்னா

*

ஹார்லன் மாநிலப் பல்கலைக்கழகம்
விளையாட்டு இயக்குநர் அலுவலகம்
நவம்பர் 26, 2018

மதிப்பிற்குரிய டன்மோர் கல்லூரி விளையாட்டு இயக்குநர் அவர்களுக்கு,

எமது பல்கலைக்கழகம் வரும் ஆண்டுகளில் தனது பிரிவைச் சேர்ந்த அணிகளுடன் மட்டுமே லீக் அல்லாத ஆட்டங்களை ஆடுவது எனத் தீர்மானித்துள்ளது. ஆகவே தங்கள் கல்லூரியுடன் புதிய ஒப்பந்தம் எதையும் செய்துகொள்ள இயலாத நிலையில் உள்ளோம் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தங்கள் அணியின் எதிர்காலம் சிறக்க வாழ்த்துகள்.

இப்படிக்கு,
கார்லண்ட் டீக்

(உள்ளே மடித்து வைத்திருந்த துண்டுச் சீட்டில், பேனாவால்:)

லோர்னா, உன் பையன்கள் இரண்டாம் ஆளை வைத்துக்கொண்டே இருபதுக்குப் பதினேழு வரை வந்தார்கள். அப்படிப்பட்டவர்களை எட்டு வருடம் கூப்பிட எனக்கென்ன பைத்தியமா? பலியாட்டுக்கு நான் வேறு இடம் பார்த்துவிட்டேன், முழுசாக மொட்டை ஆடு. எட்டு வருடம் என்று எங்கே எழுதியிருக்கிறது? உன் கடிதத்தில் மட்டும். அதை யாரிடமாவது காட்டிப் பாரேன். ஆறு வெற்றி வந்துவிட்டது, பௌல் ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். டிவியில் பார்.

*

டன்மோர்
டிசம்பர் 10, 2018
பெறுநர்: விளையாட்டு இயக்குநர் அலுவலகம், ஹார்லன் மாநிலப் பல்கலைக்கழகம்

பாலெட், உறையைப் பிரிப்பது நீதான் என்று தெரியும். முதலில் தேதி முத்திரையைக் குத்து, பிறகு படி. முத்திரை விழுந்துவிட்டால் இது அரசு ஆவணம், யாரும் கிழிக்க முடியாது. இந்தத் தேதிக் கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள் என்று உங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு இன்று காலையே போன் செய்துவிட்டேன்.

அண்ணா, காட்டிப் பாரேன் என்றாய். காட்டுகிறேன். நீ கையால் எழுதிய எல்லாமும் இதனுள் இருக்கிறது, துண்டுச் சீட்டு உட்பட. என் கடிதங்களின் நகல் என்னிடம் இல்லை. அதனால் நான் கேட்டதையும் செய்ததையும் தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஈடித் மேல் தப்பில்லை, மெர்லுக்கு எதுவும் தெரியாது என்பதையும் எழுதியிருக்கிறேன். உன்னை மட்டும் மாட்டிவிட்டு நான் தப்பிக்க வழி இருந்ததா என்று இரண்டு நாள் தேடிப் பார்த்தேன். இல்லை. இருந்திருந்தால் செய்திருப்பேன்.

ஒன்பதுக்கு நாலு என்று ஓட்டு விழுந்தது. டன்மோரில் இனி ஃபுட்பால் இல்லை. அன்றே ராஜினாமாக் கொடுத்தேன். ஏன் என்று எழுதிக் கொடுத்ததும் யாரும் இருக்கச் சொல்லவில்லை.

சனிக்கிழமை எம்மெட்டைத் தேடிப் போனேன். சாமான் அறையில் ஹெல்மெட்டுகளை ஏதோ உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் தன்னுடையதை மடியில் வைத்து உள்ளே ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"எம்மெட், அன்னைக்கு உனக்கு ஒண்ணும் இல்ல. ஈடித் அப்பவே சொன்னா. நான்தான் உன்னை உக்கார வெச்சேன்."

"எதுக்கு மேடம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவான், எதையாவது தூக்கி எறிவான் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தல சுத்துச்சான்னு நீங்க கேட்டப்ப, எனக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயந்து கேக்குறீங்கன்னு நெனச்சேன் மேடம். எங்கம்மா கேக்குற மாதிரியே கேட்டீங்க. அதான் உண்மையச் சொல்லிட்டேன்."

டேப் முழுசாக வந்துவிட்டது. அதை உருட்டிக் குப்பையில் போட்டான். ஹெல்மெட்டை மூட்டைக்குள் வைத்தான். கதவருகே போனவன் திரும்பி, "நான் ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போமா?" என்று மட்டும் கேட்டான்.

நீ சொல். அந்த ஒரு கேள்விக்காவது அந்தப் பையனுக்கு யாராவது பதில் சொல்ல வேண்டும்.

லோர்னா

*

ஹார்லன்
ஜனவரி 15, 2019

லோர்னா,

பாலெட் முத்திரை குத்தினாள். ஒரு இடத்தில் போதாதென்று ஒவ்வொரு பக்கத்திலும் குத்தினாள். பத்தொன்பது வருடம் எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தவள். தலைவர் சிரித்தார். என் சாமான் மூன்று அட்டைப்பெட்டியில் வந்து சேர்ந்தது. பௌல் ஆட்டத்தை நீ சொன்ன மாதிரியே டிவியில் பார்த்தேன். நீ அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். எதுவோ ஒன்று.

இப்போது நான் அரசு ஆள் இல்லை, எதையும் கிழிக்க வேண்டியதில்லை. நீ கேட்டதற்குப் பதில்.

உங்கள் ஆட்டங்களின் படச்சுருளைப் போட்டு எங்கள் கோச்சும் நானும் ஏப்ரலில் மூன்று நாள் பார்த்தோம். மூன்றாம் நாள் கோச் விளக்கைப் போட்டுவிட்டு, "சார், இவன நிறுத்துறதுக்கு நம்மகிட்ட ஆளே இல்ல. நான் இவன அனுப்பியிருக்கக் கூடாது" என்றார். எப்படியும் இருபத்தோரு புள்ளி வித்தியாசத்தில் தோற்போம் என்று பேசிக்கொண்டோம். அதற்குப் பிறகுதான் நான் உனக்கு மே மாதக் கடிதம் எழுதினேன். ஜெயிக்க மாட்டான் என்றால் அவனை உட்கார வைக்க நான் ஏன் எட்டு வருடத்துக்குத் தலையாட்ட வேண்டும்? இதை நீ அப்போதே யோசித்திருக்கலாம். யோசித்தும்தான் இருப்பாய்.

உண்மை சொல்வதில் நீ மட்டும் கெட்டிக்காரி என்று நினைக்காதே. எம்மெட்டின் வீட்டு முகவரி என்னிடம் இருந்தது. இங்கிருந்து விரட்டியபோது அனுப்பிய கடிதத்தின் நகல் அட்டைப்பெட்டியில் கிடைத்தது. இதன் பிரதி ஒன்றை அதே முகவரிக்கு இன்று காலை அனுப்பிவிட்டேன். இந்த முறை உயரத்தைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

கார்லண்ட்